இது எந்தப் படத்துப் பாட்டு?

சென்ற ஆண்டின் இறுதியில், உறவினர் இல்லத்து விழா ஒன்றை முன்னிட்டு ஒரு வாரம் சோளிங்கரில் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்னும் மூன்று வாரங்களே இருந்தன. கார்த்திகை மாதமாதலால் மலைக்கோயிலுக்கு வந்த கூட்டம் கடைத்தெருவில் அலைமோதிக்கொண்டிருந்தது. அந்த நெரிசலைக் கடந்து நாம் ஆலயத்தை அடைந்தபோது, பாடற்குழுவினர் ஒத்திகைக்காக ஒவ்வொருவராய் வந்துகொண்டிருந்தனர்.

எல்லாரும் வந்து சேரும்வரை கீபோர்டின் முன் அமர்ந்திருந்த சிறுவன் ஏதோ ஒரு மெட்டை மெல்ல வாசித்துக்கொண்டிருந்தான். ஒன்பதாம் வகுப்புப் படிப்பவன். நான்கைந்து சுரங்களே திரும்பத் திரும்ப வந்தன. ஆயினும் ஒவ்வொரு முறையும் அவை புதிதாய் ஒலித்தன. மழை ஓய்ந்தபின் கூரையிலிருந்து சொட்டும் நீரைப்போல், அவசரமின்றி, இடைவெளி விட்டு விட்டு அந்த இசை வந்தது. முன்வரிசையில் செபமாலையுடன் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து வந்து, "என்ன பாட்டு தம்பி இது? நன்மை வாங்கிட்டு வந்து உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கே!" என்றார்.

சிறுவன் தலை குனிந்தான். பக்கத்திலிருந்த மற்றொருவன் முந்திக்கொண்டு, "பாட்டி, அது பாட்டே இல்ல. செல்போன்ல ஆடுற கேம்ல வர்ற மியூசிக்!" என்றான். கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டனர். நாமும் சிரித்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். சிறுவன் ஒன்றும் பேசாமல் கீபோர்டை நிறுத்திவிட்டான்.

மறு ஒத்திகைக்கு அவன் வரவில்லை. செய்தி தந்தையின் காதுக்கு எட்டியிருந்தது. "கோயிலிலும் கேம்தானா?" என்று சினந்து, கைப்பேசியைப் பீரோவில் பூட்டியதோடு, "பரீட்சை முடியும்வரை கீபோர்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம். அவனுடைய தாய் நம்மிடம் இதைக் கூறியபோது, நம் சிரிப்புக்கும் இதில் பங்குண்டே என்ற எண்ணம் நெஞ்சை உறுத்தியது. ஒரு பிள்ளை தனக்குப் பிடித்ததை நம்பிக்கையோடு நால்வர் கேட்க வாசித்தான். நாம் அவனுக்குக் கொடுத்த மறுமொழி சிரிப்பு.

ஆகவே இத்திங்கள் அந்த இசையைப் பற்றியே வாசக அன்பர்களுடன் பேச விழைகிறோம்.

முடிவு தெரியாத இசை

திரைப்படப் பாடலுக்கு ஒரு நீளம் உண்டு. நான்கு நிமிடமோ ஐந்து நிமிடமோ, அதற்குள் அது முடிந்துவிடும். வீடியோ விளையாட்டுக்கென அமைக்கப்படும் இசைக்கு அந்த வசதி இல்லை. ஆடுபவர் ஒரே இடத்தில் இரண்டு நிமிடம் நிற்பாரா, இரண்டு மணி நேரம் நிற்பாரா என்று இசையமைப்பவருக்குத் தெரியாது. எத்தனை முறை திரும்பி வந்தாலும் சலிப்பூட்டாமல், எந்த நொடியில் நிலைமை மாறினாலும் அதற்கேற்ப மாறக்கூடியதாய் அது அமைய வேண்டும்.

இது நமக்கு முற்றிலும் புதிய கலையன்று. திருமண வீட்டில் நாதசுர வித்துவான் என்ன செய்கிறார்? மணமகன் தாலியைக் கையில் எடுக்கும்வரை ஒரு இராகத்தை வளர்த்துக்கொண்டே இருக்கிறார். கை அசைந்த அந்தக் கணத்தில் கெட்டிமேளம் எழுகிறது. நம் வட ஆர்க்காட்டுப் பகுதியில் நிகழும் தெருக்கூத்தில், வேடமிட்டவர் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும் வேகத்தைப் பார்த்தே மத்தளக்காரரும் முகவீணைக்காரரும் தம் வேகத்தைக் கூட்டுகின்றனர். அவ்வளவு தூரம் போவானேன்? நற்கருணை வரிசை நீண்டுவிட்டால் நம் பாடற்குழுத் தலைவர் கண்சாடை காட்ட, கடைசிச் சரணம் மீண்டும் தொடங்குவதை ஞாயிறுதோறும் நாம் கேட்கிறோமே! வரிசையின் முடிவைப் பார்த்து இசையின் முடிவை அமைப்பது என்னும் அதே கலையைத்தான் இங்கு ஒரு கணிப்பொறி, இசையமைப்பாளர் முன்கூட்டியே எழுதி வைத்த முறைப்படி செய்கிறது.

தொடக்கத்தில் இது மிக எளியதாய் இருந்தது. 1978-ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியான 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டில் நான்கே நான்கு கீழ்ச்சுரங்கள் இதயத் துடிப்பைப்போல் ஒலித்தன. எதிரிகள் நெருங்க நெருங்க அத்துடிப்பு விரைந்தது. ஆடுபவரின் நெஞ்சும் உடன் விரைந்தது. ஏழாண்டுகள் கழித்து, 1985-இல், கோஜி கோண்டோ என்னும் இளைஞர் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்கு இசையமைத்தார். அவருக்குக் கிடைத்த வாத்தியம் ஒரு சிறு மின்னணுச் சில்லு. சுரம் இசைக்க மூன்று குரல்கள், தாளத்திற்கென ஓர் இரைச்சல், பதிந்த ஒலித்துண்டுகளுக்கு ஒரு வழி என மொத்தம் ஐந்தே ஐந்து. அவற்றுள்ளும் மாரியோ துள்ளிக் குதித்தால் அந்த ஓசைக்காக ஒரு குரலைச் சற்றே விட்டுக்கொடுக்க வேண்டும். இத்தனை வறுமைக்குள் அவர் படைத்த துள்ளல் மெட்டை, 1990-களில் தொலைக்காட்சிப் பெட்டியில் 'வீடியோ கேம்' செருகி ஆடிய நம் வீட்டு இளைஞர்கள் இன்றும் முணுமுணுக்கக் கேட்கலாம். 2023-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் காங்கிரஸ் நூலகம், காலங்காலமாய்ப் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் ஏட்டில் அதனைச் சேர்த்தது. அவ்வேட்டில் இடம்பெற்ற முதல் வீடியோ விளையாட்டு இசை அதுவே.

சோளிங்கர்ச் சிறுவன் வாசித்ததும் அத்தகைய சிறப்புப் பெற்ற ஒன்றுதான் என்பதைப் பின்னர் அறிந்தோம். 'மைன்கிராப்ட்' என்னும் விளையாட்டுக்காக ஜெர்மானியரான டேனியல் ரோசன்பெல்ட் அமைத்த பியானோ இசை அது. கட்டை கட்டையாய் அடுக்கி வீடும் ஊரும் கட்டும் விளையாட்டு அது. பிள்ளைகள் மணிக்கணக்காய் ஆடுவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? இசையை ஓயாமல் ஒலிக்க விடவில்லை. நெடுநேரம் மௌனம், பின், எதிர்பாராத வேளையில் சில சுரங்கள், மீண்டும் மௌனம். 2011-இல் தனித்தொகுப்பாக வெளிவந்த அவ்விசையும் 2025-ஆம் ஆண்டில் அதே நூலக ஏட்டில் சேர்க்கப்பட்டது. மௌனத்தின் மதிப்பறிந்த இசை என்பதால்தானோ என்னவோ, செபமாலை உருட்டிய மூதாட்டியின் செவி அதை உடனே இனங்கண்டுகொண்டது! அன்று சிரித்த நம் அனைவரினும் சரியாகக் கேட்டவர் அவர் ஒருவரே.

விளையாட்டிலிருந்து வந்த செபம்

நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. வீடியோ விளையாட்டுக்கென எழுதப்பட்ட இசைகளுள் முதன்முதல் கிராமி விருது பெற்றது எது? போர் முழக்கமன்று, நம் பாட்டிமார் பரலோக மந்திரம் என்று சொல்லித்தந்த, ஆண்டவர் கற்பித்த அதே செபம்!

ஒரு மக்களினத்தைப் பழங்காலத்திலிருந்து விண்வெளிக் காலம்வரை வழிநடத்திச் செல்லும் 'சிவிலைசேஷன் 4' என்னும் விளையாட்டு 2005-இல் வெளிவந்தது. அதன் முகப்பில் ஒலிப்பதற்காக அமெரிக்க இசையமைப்பாளர் கிறிஸ்டோபர் டின், கிழக்கு ஆப்பிரிக்க மொழியாகிய சுவாகிலியில் அந்தச் செபத்திற்கு இசையமைத்தார். 'பாபா யேத்து' என்பது அதன் பெயர். 'எங்கள் தந்தையே' என்பது பொருள். விளையாட்டில் அதைப் பாடியவர்கள் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து மாணவர் பாடற்குழுவினர். பின்னர் தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோ நற்செய்திப் பாடற்குழு பாட, 2009-இல் ஓர் இசைத்தொகுப்பில் அது மீண்டும் இடம்பெற்றது. 2011 பிப்ரவரியில் கிராமி விருது வந்தது. இன்று உலகின் பல நாடுகளில் பள்ளிப் பாடற்குழுக்களும் ஆலயப் பாடற்குழுக்களும் அதைப் பாடி வருகின்றன.

செபத்தைக் கேட்க வந்தவர்கள் அல்லர் அந்த விளையாட்டை வாங்கியவர்கள். ஆயினும் விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் அவர்கள் செவியில் அது விழுந்தது. விதை எங்கு விழும் என்பதை விதைப்பவன் முழுவதும் அறிவதில்லை.

தமிழில் பாடும் அடுக்களை

இனி, நம் சொந்த மொழிக்கு வருவோம். கனடா நாட்டின் டொரண்டோ நகரில் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனம் இருக்கிறது. அவர்கள் உருவாக்கி, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டின் பெயர் 'வெண்பா'. பெயர்களைக் கவனியுங்கள்: கதைத் தலைவி வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். இதில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. விளையாட்டு நடைபெறும் களம் ஓர் அடுக்களை!

தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய இளந்தம்பதியரின் கதை 1988-இல் தொடங்குகிறது. வெண்பாவிடம் அவள் தாய் தந்த சமையல் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அதன் பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் போயிருக்கின்றன. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்க வேண்டும், புட்டுக் குழலில் எதை முதலில் இட வேண்டும் என்று விட்டுப்போன வரிகளை ஆடுபவர் தாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். ஆண்டுகள் செல்கின்றன. மகன் வளர்கிறான். தமிழ் அவன் நாவிலிருந்து மெல்ல நழுவுகிறது. தாய் ஆசையோடு ஆக்கிய உணவும் அவனுக்குக் கூச்சம் தருவதாகிறது. பிள்ளையை வெளியூர்ப் பள்ளிக்கோ வெளிநாட்டு வேலைக்கோ அனுப்பிவிட்டுத் தொலைபேசிக்காகக் காத்திருக்கும் நம் வீட்டுத் தாய்மார் எவரும் இக்கதையைத் தமது கதை அன்று என்று சொல்லார்.

இதன் இசைதான் நாம் சொல்ல வந்தது. 'ஆல்பா சம்திங்' என்ற பெயரில் இயங்கும் இசையமைப்பாளர் இதற்கு இசையமைத்தார். அடுப்பு எரியும்போது வானொலியில் ஒலிப்பதுபோல் பாட்டுகள் வருகின்றன. பழைய திரைப்பாடல்களை எடுத்துப் போட்டிருந்தால் எளிதாய் முடிந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கதை நடக்கும் அந்தந்தக் காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில், வாத்தியமும் தாளமும் பாடும் பாங்கும் அக்காலத்தையே நினைவூட்ட, புதிய பாடல்களைத் தமிழிலேயே எழுதி, மெட்டமைத்துப் பாடச் செய்தனர். அதனால் கேட்பவர்க்கு ஒரு மயக்கம் ஏற்படுகிறது. முன்பு எங்கோ கேட்ட பாட்டு என்று மனம் அடித்துச் சொல்கிறது. எங்கே என்று தேடினால் கிடைப்பதில்லை. ஊரை விட்டு வந்தவர்க்கு ஊரின் நினைவும் இப்படித்தானே இருக்கும்!

2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் இலண்டனில் நடைபெற்ற பாப்டா விருது விழாவில், முதற்படைப்புக்குரிய விருதை 'வெண்பா' வென்றது. நம் வீட்டு இட்லிப் பானையும் அடுப்பங்கரைப் பாட்டும் அவ்வளவு தூரம் சென்று நின்றன.

அந்த வீட்டில் நடந்தது

சோளிங்கரை விட்டுப் புறப்படுமுன் அச்சிறுவனின் வீட்டிற்குச் சென்றோம். தந்தை இராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர். தாய் ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி, இருட்டியபின் வீடு திரும்புவோர். இருவரும் இல்லாத அந்த நீண்ட பகற்பொழுதில், விடுமுறை நாட்களில் பிள்ளைக்குத் துணை கைப்பேசி ஒன்றே. தந்தையின் கோபம் அன்பின்மையால் எழுந்ததன்று, அச்சத்தால் எழுந்தது.

அந்த அச்சத்திற்குக் காரணமும் இல்லாமலில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இலேயே, கட்டுப்பாடின்றி விளையாட்டில் மூழ்கும் நிலையை நோய்களின் வரிசையில் சேர்த்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் எத்தனையோ குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்தியபின், அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. ஒலியும் இதில் குற்றமற்றதன்று. நாணயம் கொட்டும் ஓசையும், 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று கையைப் பிடித்திழுக்கும் சீழ்க்கையும் தூண்டில் புழுக்களே. இவற்றை இசை என்று போற்ற நாம் முன்வரவில்லை.

வேறுபடுத்தி அறிவது எவ்வாறு? நமக்குத் தோன்றும் எளிய சோதனை ஒன்று உண்டு. திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்டுப் பாருங்கள். தூண்டில் ஒலி, திரை அணைந்ததும் பொருளற்றுப் போகும். நல்லிசை அப்போதும் நிற்கும்.

அச்சோதனையைத் தந்தையின் முன்னிலையிலேயே செய்தோம். பீரோவிலிருந்து கைப்பேசி வெளிவந்தது. "உனக்குப் பிடித்ததில் ஒன்றைப் போடு தம்பி" என்றோம். மைன்கிராப்ட் இசையைப் போடுவான் என்று எண்ணினோம். அவனோ சற்று யோசித்து, சென்னையிலுள்ள அத்தை மகனின் கணிப்பொறியில் தான் கண்ட 'வெண்பா'வின் பாட்டு ஒன்றைத் தேடிப் போட்டான். திரையைக் கவிழ்த்து வைத்தான்.

முதலடி முடியுமுன் தந்தையின் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போடத் தொடங்கின. "இது எந்தப் படத்துப் பாட்டுடா? நான் கேட்டிருக்கேனே!" என்றார்.

"படமே இல்லப்பா. கேம்ல வர்றது."

அவர் நம்பவில்லை. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் கேட்டார். பின், நம்மைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "சின்ன வயசுல பாட்டுப் பேரெல்லாம் துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்து, கேசட்டுல பதிஞ்சு வாங்கி வருவேங்க. ஒரு தவக்காலத்துல, இந்த நாள்ல சினிமாப் பாட்டு என்ன கேடான்னு எங்கப்பா டேப்ரிக்கார்டரையே பூட்டி வச்சுட்டாரு." சொல்லிவிட்டுப் பீரோவைத் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

அடுத்த ஒத்திகைக்குச் சிறுவன் வந்தான். கைப்பேசிக்கு மாலையில் ஒரு மணி நேரம் என்று தந்தை வரம்பு கட்டியிருப்பதாகக் கூறினான். அது நியாயமே. திருப்பலியில் விளையாட்டு இசையை வாசிக்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டாலும் நாம் பரிந்துரைக்க மாட்டோம். திருவழிபாட்டுக்குரிய இசை வேறு. ஆனால் ஒத்திகை தொடங்குமுன் அந்த மூதாட்டி அவனருகே வந்து நின்று, "அன்னைக்கு வாசிச்சியே, அதை ஒரு தரம் வாசி சாமி" என்றார். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

அன்புப் பெற்றோரே! ஒரே அறையில், மூன்றடி தூரத்தில், காதில் இயர்போனுடன் பிள்ளை அமர்ந்திருக்கிறான். அவன் செவியில் என்ன ஒலிக்கிறது என்பதை நாம் அறியோம். பறித்துப் பூட்டுவது எளிது. சில வேளைகளில் அது தேவையும் ஆகலாம். ஆனால் பூட்டுமுன் ஒருமுறை, அந்த இயர்போன்களுள் ஒன்றை வாங்கி நம் காதில் வைத்துக்கொண்டு, "இது என்ன பாட்டு?" என்று கேட்போம். கேட்டபின் கண்டிக்க வேண்டியதிருந்தால் கண்டிப்போம். கேளாமல் கண்டித்தவருக்குப் பிள்ளை பணிந்துபோகலாம். கேட்டுக் கண்டித்தவரிடமே அவன் மீண்டும் வந்து பேசுவான்.

இன்று மாலையே முயன்று பார்ப்போமா?